ஐந்தாம் பாகத்தில் இல்லாத படகு

டூல் ரூம் வைஸில் புத்தகத்தை வைத்து இறுக்கினார் தங்கவேலு அண்ணன். அட்டையில் வாளைத் தூக்கிக்கொண்டு நின்ற இளவரசனின் மூஞ்சி இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கோணிக்கொண்டது.

"எத்தினி துண்டு?" என்றார்.

"மூணு" என்றாள் ஷம்ஷாத். "பாத்துண்ணா, எழுத்து மேல கத்தி படக்கூடாது."

"மைக்ரான் கணக்குல வேலை செய்யறவன் நான். உங்க புக்கு என்ன பெருசா?"

உடைந்த ஹாக்ஸா பிளேடைத் தீட்டி அவரே செய்த கத்தி அது. புத்தகத்தை விரித்துப் பிடித்து, முதுகுப் பசையில் மேலிருந்து கீழாக இரண்டே இழுப்பு. துண்டு துண்டாக வந்து விழுந்ததை எங்கள் மூவருக்கும் பிரசாதம் போலக் கொடுத்தார். மதிய சாப்பாட்டு மணி அடித்து முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்தப் பக்கங்களில் கடைசிவரை கூலண்ட் ஆயில் வாசனை இருந்தது.

இப்படித்தான் நாங்கள் 'மூன்று நிலவு நாடு' தொடரைப் பாகம் பாகமாகப் படித்தோம். ஓசூர் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. நான் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள், ஷம்ஷாத் அசெம்பிளி, ரத்னம்மா பேக்கிங். மூன்று பேருக்கும் ஒரே பிரதி, ஒரே கம்பெனி பஸ். ஒருத்தி முழுசாகப் படித்து முடிக்கும்வரை மற்ற இருவரும் பொறுமையாகக் காத்திருக்க நாங்கள் என்ன முனிவர்களா?

போண்டா தண்டனை

முதல் துண்டு யாருக்கு என்பது பாகத்துக்குப் பாகம் மாறும். அதனால் எனக்குப் பல பாகங்கள் நடுவிலிருந்துதான் ஆரம்பித்தன. ஒருவன் செத்து, எரிந்து, சாம்பலைக் கரைத்த பிறகுதான் அவன் காதலிக்கத் தொடங்குவதைப் படிப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், சுவை கொஞ்சமும் குறையவில்லை. அந்தத் தொடரில் செத்தவன் எப்படியும் அடுத்த பாகத்தில் எழுந்து வந்துவிடுவான்.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. மற்றவள் படிக்காத பகுதியைப் பற்றி வாய் திறந்தவள், அன்றைய கேண்டீன் போண்டாவை மற்ற இருவருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட வேண்டும். ரத்னம்மா அந்தக் கம்பெனியில் போண்டா சாப்பிட்ட நாட்கள் குறைவு.

ரத்னம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே இந்தத் தொடரில்தான். அதன் பலனைக் கேண்டீன் முழுக்க அனுபவித்தது. தட்டை நீட்டி, "அன்பரே, இன்னும் சிறிது சாம்பார் அருளுங்கள்" என்பாள். பரிமாறுகிற ஆள் முதல் நாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பிறகு அவரும் "ஆகட்டும் தேவி" என்று ஊற்றப் பழகிவிட்டார்.

காலையில் பஸ் மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் எங்களை ஏற்றும். பிற்பாடு மாதக்கணக்கில் அங்கே தினமும் ஒரு கூத்து நடந்தது. ஷம்ஷாத் ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு டிரைவர் முனிராஜிடம் வம்பளந்துகொண்டிருப்பாள். ஏறவும் மாட்டாள், இறங்கவும் மாட்டாள். "ஹத்தம்மா, டைமாயித்து!" என்று, நேரமாகிவிட்டது ஏறு என்று, அவர் கன்னடத்தில் கத்துவார். இவள் தமிழில் அவருடைய மாமியார் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். நான் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறும்போதும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வாயாடி என்றால் இவள்தான் வாயாடி என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர் வைத்த கதை

நாலாம் பாகம் வந்தபோது நான் பிள்ளை உண்டாகியிருந்தேன். அந்தப் பாகத்தில் கதாநாயகன் தழல்வேந்தன், எரிகிற கோட்டைக்குள் புகுந்து, பெயர்கூடத் தெரியாத ஒரு சமையல்காரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருவான். இளவரசியைக் காப்பாற்றாதவன் கதையில் யார் உண்டு? சமையல்காரிக்காகத் தீயில் இறங்கினவன் இவன் ஒருவன்தான். வயிற்றைத் தடவிக்கொண்டே பஸ்ஸில் முடிவு செய்துவிட்டேன், ஆண் பிள்ளை என்றால் இந்தப் பெயர்தான்.

என் புகுந்த வீடு நாகரசம்பட்டி. குலசாமி பெயர் முனியப்பன். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு முனியப்பன் இருந்தாக வேண்டும் என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். தொட்டிலில் போட்ட அன்று பெயரைச் சொன்னேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மாடு கட்டப் போனவர், பேச்சு அடங்கும்வரை திரும்பவே இல்லை.

என் மாமியார் பள்ளிக்கூடம் போகாதவர். அவர் கேட்டார்: "கதையில வர்றவன் பேரையா வெக்கற? அந்தக் கத இன்னும் முடியவே இல்லன்ற. கடசீல அவன் எப்பிடி ஆவான்னு உனக்குத் தெரியுமா?"

இத்தனை வருஷத்தில் அந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம் அதுதான். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. "அவன் தப்பாப் போகவே மாட்டான் அத்தை" என்று ஊரே கேட்கச் சொன்னேன். அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஜெயித்தேன்.

என் மகன் தழல்வேந்தன் இன்றைக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆங்கிலத்தில் எழுதிய பெயரை அங்கே யாருக்கும் சரியாகப் படிக்க வரவில்லை. "தஸால்" என்று கூப்பிடுகிறார்கள். தீயில் இறங்கின வீரன், மீட்டிங்கில் "தஸால், ப்ளீஸ் ம்யூட் யுவர்செல்ஃப்" என்ற கட்டளைக்கு அடங்கி உட்கார்ந்திருக்கிறான்.

கால்வாயில் போன துண்டு

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய சமயம்தான் ஐந்தாம் பாகம் வந்தது. அறுத்தோம், பிரித்தோம். கடைசித் துண்டு முதலில் ஷம்ஷாத்துக்குப் போனது. அந்த வாரம் அவள் பாரூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிக்காவுக்குப் போய்விட்டு, வெறுங்கையோடு வந்தாள்.

"கால்வாய்ல விழுந்துருச்சுடி. குனிஞ்சு கால் கழுவனன், கைப்பையில இருந்து நழுவிருச்சு."

ரத்னம்மா "ஐயோ பாதகி!" என்று செந்தமிழில் அலறினாள். நான் அந்த வாரம் முழுக்க அவளோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்து, மறுநாள் காலையிலேயே பேசிவிட்டேன். கதை தெரிந்தாக வேண்டுமே.

"நான்தான் படிச்சிட்டன் இல்ல? சொல்றன் கேளுங்க" என்றாள் ஷம்ஷாத். போண்டா சட்டம் தற்காலிகமாக ரத்தானது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், நாலைந்து நாள் கதை சொன்னாள்.

எதிரிப்படை துரத்துகிறது. ஆற்றங்கரையில் ஒரே ஒரு படகு. எல்லோரும் ஏறிவிட்டார்கள். தோழி மருதியை மட்டும் காணோம். கால் உடைந்து காட்டுக்குள் எங்கோ பின்தங்கிவிட்டாள். படகோட்டி துடுப்பை எடுக்கிறான். தழல்வேந்தன் ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்து நிற்கிறான். அம்புகள் வந்து விழுகின்றன. "ஓர் ஆள் குறைகிறது, படகை எடுக்காதே" என்கிறான். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறான். மருதி நொண்டிக்கொண்டு வந்து சேரும்வரை அந்தக் காலை அவன் எடுக்கவே இல்லை.

ரத்னம்மா பஸ்ஸிலேயே தேம்பினாள். நானும் அழுதேன், எழுத என்ன வெட்கம்? வீட்டில் பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு வந்து அன்றாடம் பால் கட்டி மார்வலியோடு நின்றவள் நான். என் பிள்ளைக்குச் சரியான ஆளின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

அடுத்த பாகத்தில் மருதி தழல்வேந்தனின் முகத்தில்கூட முழிக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஷம்ஷாத்தைக் கேட்டேன்.

"படகை நிறுத்தி வெச்சான் இல்ல, அந்த லேட்டுல போர்ல தோத்துட்டாங்க. அதான் கோவம்."

அன்றிலிருந்து மருதியைக் கண்டால் எனக்கு ஆகாது. காப்பாற்றினவனையே முறைக்கிற நன்றி கெட்ட ஜென்மம் என்று பாகத்துக்குப் பாகம் திட்டினேன். சொந்தத்தில் யாராவது செய்த உதவியை மறந்தால், வீட்டில் நான் "மருதி" என்றுதான் சொல்வேன்.

படகுக் காட்சியை என் பையனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. பத்தாவதில் கணக்கில் தோற்றபோது சொன்னேன். அவன் அப்பா வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய் அவர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோதும் சொன்னேன். அவன் அந்தத் தொடரில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. எல்லாம் என் வாய்வழிதான்.

பத்திரிகைக்கு ஒரு வரி

இந்த வருஷம் அவனுக்குக் கல்யாணம். பெண் ஆனேக்கல் பக்கம், பெயர் பவ்யா, வீட்டில் கன்னடம். பத்திரிகை இரண்டு மொழியிலும் அடிக்க வேண்டும். பையன் ஒரு நாள் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தான். உள்ளே 'மூன்று நிலவு நாடு', பதினோரு பாகமும், புதுப் பதிப்பு, பளபளவென்று.

"அம்மா, அந்தப் படகு வரி இருக்குதில்ல? பத்திரிகை உச்சியில அதைத்தான் போடணும். பவ்யாவுக்கும் சொல்லிட்டன், அவளுக்கும் புடிச்சிருக்கு. எழுத்துப் பிசகாம புக்குல இருந்து எடுத்துக் குடு. ஞாயித்துக்கெழம பிரஸ்ஸுக்குப் போவணும்."

"ஆள் கொறையுதுன்னு பத்திரிகையில போட்டா, சாப்பாட்டுக்கு ஆள் சேக்கறாங்கன்னு நெனைக்கப் போறாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அந்தத் தொட்டில் நாளிலிருந்து இந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் கருத்து அது.

நேராக ஐந்தாம் பாகத்துக்குப் போயிருக்கலாம். எனக்கு ஆசை. பெட்டியைப் பிரித்தவள் முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, துண்டு போடாமல், வரிசையாக.

அதுதான் தப்பாகிவிட்டது.

இத்தனை வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார்ந்து கண் கெட்டவளுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் தெரிகிறது. பல்லாயிரம் பேர் கொண்ட படை மலை ஏறுகிறது. யார் சமைத்தார்கள், எங்கே கழுவினார்கள்? ஒரு கேண்டீன் காண்டிராக்டர்கூடக் கிடையாது. இளவரசி மூன்று பாகமாக ஒரே வெள்ளை உடையில் சகதியில் நடக்கிறாள், துவைத்ததாகத் தகவல் இல்லை. இருக்கிற நிலவு மூன்று. அதில் ஒன்று, கதைக்குத் தேவையான அன்றைக்கு மட்டும் உதிக்கிறது, மற்ற நாளில் லீவு. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கிழவர் வந்து "காலம் வரும்போது சொல்கிறேன்" என்று இருமுகிறார். சொல்வதற்குள் செத்துப்போகிறார். அடுத்த பாகத்தில் எழுந்து வந்து மறுபடி இருமுகிறார்.

அதில் ஒரு விருந்து வருணனை வந்தால் நமக்கே ஏப்பம் வந்துவிடும். என் டேபிளுக்கு வந்திருந்தால் பாதியை ரிஜெக்ட் பெட்டியில் தள்ளியிருப்பேன், மீதியில் முக்கால்வாசி ரீவொர்க். இதற்காகவா கேண்டீன் போண்டாவைப் பிய்த்துக்கொண்டோம்? ஆனால் கீழே வைக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குக்கர் விசில் கேட்காமல் பருப்பு இரண்டு நாள் தீய்ந்தது.

நாலாம் பாகத்தில் சமையல்காரி பத்திரமாக இருந்தாள். நிம்மதியோடு ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தேன்.

ஆறு வந்தது. படகு வந்தது. மருதி கால் உடைந்து கரையில் கிடந்து கத்துகிறாள். தழல்வேந்தன் படகில் தனியாக ஏறுகிறான். மற்றவர்கள் இன்னும் காட்டைத் தாண்டவில்லை. 'அவன் கயிற்றை வெட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை.' இதுதான் புத்தகத்தில் இருந்தது.

புதுப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள் என்று முதலில் பதிப்பகத்தைத் திட்டினேன். பிறகு ஆறாம் பாகத்தைப் புரட்டினேன். மருதி ஏன் முறைத்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. பாவி, அவளைப் போய் எத்தனை வருஷம் திட்டினேன்!

நான் பட்டினி கிடந்து என் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பெயர் ஒரு ஓடுகாலியின் பெயர். அவன் கல்யாணப் பத்திரிகைக்குக் கேட்கிற வரி உலகத்தில் எங்கேயும் அச்சாகவில்லை. மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

விழவில்லை, போட்டது

ஷம்ஷாத் இப்போதும் மூக்கண்டப்பள்ளியில்தான் இருக்கிறாள். வீட்டு முன்னால் வளையல், ரிப்பன், சோப்பு டப்பா விற்கிற சின்னக் கடை. ஐந்தாம் பாகத்தை அவள் கல்லாப்பெட்டி மேல் தொப்பென்று போட்டேன்.

"கால்வாய்ல விழுந்துச்சுன்னு சொன்னியே?"

புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வளையலை எடுத்துத் துடைத்தாள்.

"விழல. போட்டன்."

"ஏன்டி?"

"வேற என்னா பண்ணச் சொல்ற? நீ ஊரையே எதுத்து பேரு வெச்சுட்டு வந்து நிக்கற. புள்ளைய உட்டுட்டு வந்து தெனம் பாத்ரூம்ல அழுவற. அந்த நேரத்துல அந்தக் கேடுகெட்டவன் கயித்த அறுத்துட்டு ஓடறான். அதை எடுத்து உங்கையில குடுக்கவா? கொஞ்ச நேரம் கால்வாய்க் கரையிலயே குந்தியிருந்தன். அப்பறம் போட்டுட்டன்."

"அதுக்காக கதையவே மாத்துவியா?"

"நல்லாத்தான மாத்தனன்? ரத்னம்மா எப்பிடி அழுதா!"

அதில் அவளுக்கு இன்னும் பெருமை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் பையன் அந்த வரிய பத்திரிகையில போடக் கேக்கறான்டி. நான் எங்கேன்னு தேடுவன்? இல்லாத ஒண்ணச் சொல்லியே அவன வளத்துருக்கறன். அந்த வரி எங்க இருந்துடி உனக்கு வந்துச்சு?"

ஷம்ஷாத் சிரித்தாள்.

"அது என்னா பெரிய வரி? தெனம் காலையில முனிராஜுகிட்ட சொன்னதுதான். 'ஒரு ஆள் கொறையுதுண்ணா, வண்டிய எடுக்காத.' பஸ்ஸ படகாக்கிட்டன், அவ்வளவுதான். நீ புள்ளைக்குப் பால் குடுத்துட்டு எப்பவும் லேட்டா வருவ. நான் உள்ள ஏறிட்டா அந்த ஆளு கெளப்பிட்டுப் போயிருவாரு. அதான் ஒரு கால கீழயே வெச்சிருப்பன்."

நான் அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டு அந்த வேலை அன்றைக்குப் போயிருந்தால் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. மாதக்கணக்கில் ஒருத்தி தினமும் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு பஸ் படியில் நின்றிருக்கிறாள். நான் அவளை வாயாடி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீரன் யார் என்று புத்தகத்தில் தேடியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அதற்குள் யாரோ சேஃப்டி பின் கேட்டு வந்துவிட்டார்கள்.

எந்தத் தழல்வேந்தன்?

பையனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் இருப்பவன் ஓடிப்போனவன் என்றும் சொன்னேன். மறைத்து வைத்து அவன் என்றைக்காவது படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது மேல். ம்யூட் ஆகிவிட்டானோ என்று பார்த்தேன்.

"அப்ப எனக்கு வெச்ச பேரு யாரோடதும்மா? புக்குல இருக்கறவனுதா, பஸ்ல இருந்தவனுதா?"

"எனக்குத் தெரிஞ்சது பஸ்ல இருந்தவன்தான்டா."

"அப்ப அதே வரி இருக்கட்டும். கீழ பேரு மட்டும் சரியா போடு."

ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸுக்குப் போனது. பத்திரிகையின் உச்சியில், பிள்ளையாருக்குக் கீழே, தமிழிலும் கன்னடத்திலும்: 'ஓர் ஆள் குறைகிறது, படகை எடுக்காதே.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'ஷம்ஷாத்'.

நாகரசம்பட்டிப் பங்காளி ஒருவர் கல்யாணத்தன்று பத்திரிகையைத் தட்டிக்கொண்டே வந்தார். "யாரும்மா இந்த ஷம்ஷாத்து? பெரிய எழுத்தாளரா?"

"ஆமாங்க மாமா. பதினோரு பாகக் கதையில ஒரு காட்சி எழுதனாங்க. அது ஒண்ணுதான் தேறுச்சு."

எழுத்தாளரை மேடையில் காணோம். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னவள், பாகலூர் ரோடு டிராஃபிக்கில் சிக்கிக்கொண்டிருந்தாள். குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்திவிட்டார் போட்டோகிராஃபர். ரத்னம்மா நடுவில் நின்று "விரைவில் வருக" என்று கூட்டத்தைக் கையாட்டி அழைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, பெண் வீட்டார் நெளிந்தார்கள். "எடுத்துரலாமாங்க?" என்று போட்டோகிராஃபர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

நான் மேடைப் படியில் ஒரு காலையும் தரையில் ஒரு காலையும் வைத்துக்கொண்டு, அவரிடம் அவருடைய மாமியார் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.